ஏலச் செடியின் குலமும் கோத்திரமும்

சர்க்கரைப் பொங்கலை அடுப்பிலிருந்து இறக்கும் சமயத்தில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போடாத வீடு தமிழ்நாட்டில் அருமை. பாயசத்துக்கும் லட்டுக்கும் அது வேண்டும். தாம்பூலத் தட்டிலும் அதற்கு இடம் உண்டு. வைத்தியருடைய சூரணத்திலும் அது சேரும். இவ்வளவு நெருங்கிப் பழகிய பொருளைப் பற்றி நாம் அறிந்திருப்பது என்ன? மளிகைக் கடையில் விற்கும் என்பதும், வருஷத்துக்கு வருஷம் விலை ஏறி இறங்கும் என்பதுந்தான். அது எந்த மலையில் பிறந்தது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்கு உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று விசாரித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

தாவர சாஸ்திரிகள் இந்த விசாரணையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறார்கள். அதில் பல தவறான முடிவுகள் ஏற்பட்டன. பின்னர் அவை திருத்தப்பட்டன. 2024-ஆம் ஆண்டிலேதான் ஏலத்தின் குடும்பக் கணக்கு ஒருவாறு தெளிவாயிற்று. அந்தத் தெளிவு புத்தக அலமாரியோடு நின்றுவிடும் விஷயம் அன்று. போடிநாயக்கனூர்க் கடைவீதியிலிருந்து மலைமேல் காய் எடுக்கும் பெண்ணின் கூலி வரையில் அது தொட்டுச் செல்லுகிறது. எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஏலம் ஏலம் போகும் ஊர்

தேனி ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் அமைந்திருப்பது போடிநாயக்கனூர். சுற்றிலும் மாந்தோப்புகளும் இலவ மரங்களும் நிறைந்த ஊர். ஆனால் அதன் பெயரைத் தூர தேசங்களுக்குக் கொண்டு சென்றது அந்த ஊரின் மண்ணில் விளையாத ஒரு பொருள். மேலே மலைமுகட்டுக்கு அப்பால் விளையும் ஏலக்காய் கீழே இறங்கிப் போடியில் தரம் பிரிக்கப்படுகிறது, விலை கூறப்படுகிறது, மூட்டையாகக் கட்டப்பட்டு வடநாட்டுக்கும் அரபு நாடுகளுக்கும் புறப்படுகிறது.

அவ்வூரில் ஏலம் ஏலம் போகிறது என்று வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. இரண்டு சொற்களும் ஒலியில் ஒன்றே ஆயினும் பிறப்பில் வெவ்வேறு. விலை கூறி விற்பதற்கு வழங்கும் ‘ஏலம்’ போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். வாசனைக் காயின் பெயரோ அவர்கள் கப்பல் இந்தக் கரையைக் காண்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வழங்கியது. இப்பொழுது அந்த விற்பனை கூச்சல் இல்லாமல் மின்னணு முறையில் நடைபெறுகிறது. வாசனைப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவின் புற்றடியிலும் வியாபாரிகள் கணிப்பொறியின் முன்பு அமர்ந்து விலை கேட்கிறார்கள்.

மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். சுதந்திரம் வந்த பிறகு பாதை மறுபடி போடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூன் மாதத்தில் திரும்பவும் போடியை அடைந்தது. மலையின் சரக்கு இல்லாவிட்டால் மலையடிவாரத்தில் முடியும் அந்தப் பாதைக்கு இத்தனை மதிப்பு இருந்திராது.

மலைக்கு இருபுறம்

போடியிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அந்தச் சில மைல்களுக்குள் நாம் இரண்டு வேறு தேசங்களைக் கடந்து விடுகிறோம் என்றே சொல்லலாம். கீழே வறண்ட காற்றும் முட்புதர்களும். மேலே சென்று மெட்டைத் தாண்டியதும் மூடுபனியும், அடர்ந்த மரநிழலும், கால் வைத்தால் அமிழும் கருமையான மண்ணும். தென்மேற்குப் பருவக் காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. போடிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேருவது எஞ்சிய காற்றே. ஆகவேதான் ஏலத்தை விற்கும் ஊர் ஒரு புறமும், ஏலம் விளையும் காடு மறுபுறமுமாக இருக்கின்றன.

ஏலச் செடிக்கு வேண்டியவை மூன்று: ஈரம், நிழல், குளிர்ச்சி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 1,200 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்குச் சற்று மேலும் அது செழிக்கும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் முதல் 4,000 மில்லிமீட்டர் வரை மழை வேண்டும். அந்த மழையும் ஒரே மாதத்தில் பெய்து ஓய்ந்துவிடாமல் பரவலாகப் பெய்ய வேண்டும். மண் எப்பொழுதும் நனைந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினாலோ கிழங்கு அழுகிப் போகும். ஓடையை ஒட்டிய சரிவு அதற்கு உகந்த வீடு. சேற்றுப் பள்ளம் அதற்குப் பகை.

இவ்வாறான இடங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உண்டு. கேரளத்தில் இடுக்கியும் வயநாடும், கன்னட நாட்டில் குடகும் அதன் அண்டைப் பகுதிகளும், தமிழ்நாட்டில் போடி மலை, மேகமலை, பழனி மலையின் கீழ்ச் சரிவுகள், ஆனைமலை முதலியனவும் ஏலம் வளரும் இடங்கள். இவற்றுள் இடுக்கியின் பீடபூமிக்கே ‘ஏலமலை’ என்று பெயர் வந்துவிட்டது.

பழங்காலத்தில் இச்செடியை யாரும் நட்டு வளர்க்கவில்லை. குடகு நாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. காட்டின் நடுவே ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். மரம் விழுந்த இடத்தில் வானம் தெரியும்; சிறிது காலத்துக்குள் அங்கே ஏல நாற்றுகள் தாமாகவே தலைகாட்டும். மரம் விழுந்த அதிர்ச்சியால் பூமி விழித்துக்கொள்ளுகிறது என்பது அந்த நாளைய நம்பிக்கை. உண்மையில் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது என்பதே காரணம். நம்பிக்கை எப்படியிருந்தாலும், செடி எங்கே காத்திருக்கிறது என்பதை அந்த மலைமக்கள் சரியாக அறிந்திருந்தார்கள் அல்லவா?

இஞ்சியின் உறவு

தோற்றத்தைக் கண்டே ஏலத்தின் குடும்பத்தை ஊகிக்கலாம். மஞ்சள் கொல்லையைப் பார்த்தவர்கள் ஏலக்காட்டைக் கண்டதும் உறவைத் தெரிந்துகொள்ளுவார்கள். மண்ணுக்குள் படரும் கிழங்கு, அதிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் தட்டைகள், இரு புறமும் வரிசையாக நீண்ட இலைகள். தண்டு போலத் தோன்றுவது உண்மையில் தண்டு அன்று. இலைகளின் உறைகள் ஒன்றையொன்று சுற்றி நிமிர்ந்து நிற்பது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு வரையிலும் அது வளரும். இஞ்சி, மஞ்சள், சித்தரத்தை, பூலாங்கிழங்கு ஆகிய எல்லாம் அடங்கிய இஞ்சிக் குடும்பத்தில் ஏலமும் ஓர் உறுப்பினர்.

ஆனால் அதற்குத் தனியான ஒரு குணம் உண்டு. சித்தரத்தை போன்ற செடிகளில் பூங்கொத்து தட்டையின் உச்சியில் நிற்கும். ஏலத்திலோ பூக்கள் அடியில், கிழங்கிலிருந்து புறப்படும் சரங்களில் பூக்கின்றன. வெள்ளை உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடிய அழகிய பூ, விடியற்காலையில் மலரும், ஒரு நாள்தான் அதன் ஆயுள். அதற்குள் ஒரு தேனீ வந்து தொட்டுச் சென்றால் காய் பிடிக்கும். வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும். பின்னால் வரப்போகும் செய்திக்கு இந்தத் தேனீயை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் சூட்டிய கதை

பண்டைய கிரேக்கர்கள் ‘கார்டமோமம்’, ‘அமோமம்’ என்ற இரண்டு வாசனைப் பொருள்களைக் குறிப்பிடுகிறார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்தஸ் என்ற தாவர நூலார், இவை மீடியா நாட்டிலிருந்து வருகின்றன என்று சிலரும், இந்தியாவிலிருந்து வருகின்றன என்று வேறு சிலரும் சொல்லுவதாக எழுதி வைத்தார். சரக்கு போய்ச் சேர்ந்ததே ஒழிய, செடியை அவர்களில் யாரும் கண்டதில்லை. செடியைக் காணாமல் காயைக் கொண்டு பெயரிட்டதனால் உண்டான குழப்பம் ஈராயிரம் ஆண்டுகள் நீடித்தது.

செடியை நேரில் பார்த்து எழுதும் வேலை மலையாளக் கரையிலே நடந்தது. கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடே, அந்நாட்டுச் செடிகளை எல்லாம் படத்துடன் தொகுக்க முற்பட்டார். இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் தம் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் செடிகளின் குணங்களை எடுத்துக் கூறினார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பண்டிதர்களும் உதவினார்கள். 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்ற அந்நூலின் 11-ஆம் பாகத்தில், 1692-இல், ஏலச் செடி ‘எலெட்டாரி’ என்ற பெயருடன் அச்சேறியது. அது வேறொன்றும் இல்லை. ஏலத்தின் அரி, அதாவது ஏலத்தின் மணி, என்ற பொருளில் மலைநாட்டில் வழங்கிய ‘ஏலத்தரி’ என்ற சொல்லே.

1753-இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, ஏலத்தை ‘அமோமம் கார்டமோமம்’ என்று எழுதினார். பல நாட்டு வாசனைக் காய்கள் அந்த ஒரே கூரையின் கீழ் வந்து நெருக்கியடித்தன. பின்னர் இந்தியாவில் பணியாற்றிய ராக்ஸ்பரோ, ஏலத்தைச் சித்தரத்தையின் பேரினமாகிய ‘அல்பினியா’வில் சேர்த்தார். டேவிட் ஒயிட் என்ற ஆங்கிலேயர் மலையாளக் கரையின் ஏலத்தைப் பற்றி எழுதிய வருணனையை 1811-இல் லண்டன் லின்னேயஸ் சங்கம் வெளியிட்டது. அதற்குக் குறிப்பு எழுதிய மேட்டன் என்பவர், இச்செடி அமோமமும் அன்று, அல்பினியாவும் அன்று. இது தனிப் பேரினம் என்று முடிவு செய்து, ‘எலெட்டாரியா கார்டமோமம்’ என்று பெயரிட்டார்.

அந்தப் பெயரே இன்று வரையில் நிலைத்திருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் உள்ள தாவர சாலையிலும் ஏலத்தின் முதற்பெயர் நம்முடைய மலைமக்களின் வாய்ச்சொல்லாகவே எழுதப்படுகிறது. பெயரைப் புத்தகத்தில் ஏற்றியவர்கள் அயலார். பெயரைத் தந்தவர்கள் இந்த மண்ணின் மக்கள்.

வடக்கே பேரேலம்

இங்கே ஓர் ஐயம் எழலாம். வடநாட்டில் புலாவிலும் மசாலாவிலும் போடும், பழுப்பு நிறமான, கட்டை விரல் கனமுள்ள காயும் ஏலக்காய்தானே? நம்முடையது சிற்றேலம் என்றும் அது பேரேலம் என்றும் மருத்துவர்கள் சொல்லுவதில்லையா?

பேரேலம் இமயத்தின் அடிவாரச் சரிவுகளில் விளைவது. சிக்கிம், டார்ஜிலிங், நேபாளம், பூட்டான் ஆகிய இடங்களில், மலையோடைகளின் கரையில், நிழலும் நீரும் நிறைந்த இடங்களில் அது வளருகிறது. காயைப் பறித்துப் புகை மூட்டத்தில் உலர்த்துகிறார்கள். ஆகையால் அதற்குப் புகை கலந்த கார மணம். அதன் சாஸ்திரப் பெயர் ‘அமோமம் சுபுலாட்டம்’. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஆயினும் பேரினம் வேறு. சிற்றேலத்துக்கு அது அண்ணன் அன்று. ஒரே பெரிய வமிசத்தில் வேறு கிளையில் பிறந்த தாயாதி. இரண்டும் ஈரமான மலைச்சரிவை விரும்புகின்றன என்பதனாலும், இரண்டின் விதைகளும் மணக்கின்றன என்பதனாலும் ஒரே பெயர் ஏற்பட்டது. பாயசத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுப் பார்த்த குடும்பத் தலைவிக்கு, தாவர நூலாரின் உதவி இல்லாமலே இந்த வித்தியாசம் விளங்கிவிடும்.

ஏழு பேர் கொண்ட குடும்பம்

அப்படியானால் சிற்றேலத்தின் சொந்த உடன்பிறந்தார் யார்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் கிடைத்த விடை விநோதமானது. கடல் கடந்து போர்னியோ, சுமத்ரா ஆகிய தீவுகளின் காடுகளில் உள்ள சில செடிகளை எலெட்டாரியாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றிலும் பூச்சரம் மண்ணை ஒட்டிப் படருகிறது என்பதே முக்கியமான காரணம். தோற்றத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான். செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்த பிறகு, அத்தீவுச் செடிகளுக்கும் நம் ஏலத்துக்கும் நெருங்கிய ரத்த சம்பந்தம் இல்லை என்பது வெளியாயிற்று. 2018-இல் அவற்றுக்குச் ‘சுலெட்டாரியா’ என்று தனிப் பேரினமே வகுத்து விட்டார்கள்.

இலங்கை விஷயம் வேறு. அத்தீவின் காடுகளில் நீண்ட காயுள்ள ஒரு காட்டேலம் உண்டு. சிங்கள மொழியில் ஏலத்துக்கு ‘எனசால்’ என்று பெயர். அதிலிருந்தே அச்செடிக்கு ‘என்சால்’ என்ற சாஸ்திரப் பெயர் அமைந்தது. அதை நம் ஏலத்தின் பெரிய வகை என்றே நெடுங்காலம் கருதி வந்தார்கள். அது தனி இனம் என்பது பின்னர் நிச்சயமாயிற்று.

2024-இல் வெளியான ஆராய்ச்சியோ குடும்பக் கணக்கையே மாற்றி எழுதியது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த அறிஞரின் தலைமையில் இந்தியா, இலங்கை முதலிய பல தேசங்களின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. சிற்றேலத்துக்கு மிக நெருங்கிய உறவினர் ஆறு பேர் என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஆறில் இரண்டு இனங்கள் சாஸ்திர உலகத்துக்கே புதியவை. ‘எலெட்டாரியா ஃபாசிஃபெரா’ இடுக்கியில் உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் கிடைத்தது. ‘எலெட்டாரியா துலிபிஃபெரா’ அகஸ்தியமலையிலும் மூணாறு பக்கத்திலும் கிடைத்தது. மற்றவை முன்னரே ஏடுகளில் இருந்தவைதாம். அவற்றுட் பல ‘அல்பினியா’ என்ற பெயரில் வேறு வீட்டில் குடியிருந்தன. பூங்கொத்து உச்சியில் நிற்பதா, அடியில் படருவதா என்ற ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னோர் பிரித்து வைத்ததை, இவர்கள் ரத்த சம்பந்தத்தைப் பார்த்து ஒன்று சேர்த்தார்கள்.

இதன் முடிவு என்ன? எலெட்டாரியா என்ற பேரினத்தில் மொத்தம் ஏழே இனங்கள். அந்த ஏழும் தென்னிந்தியாவின் மேற்கு மலைகளிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக உள்ளவை. போர்னியோவும் சுமத்ராவும் கணக்கிலிருந்து போய்விட்டன. ஏலத்தின் பிறந்த வீடு பரந்த ஆசியா அன்று. போடிமெட்டின் உச்சியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் மலைகளும் அவற்றின் தொடர்ச்சியும், பாக் ஜலசந்திக்கு அப்பால் ஒரு தீவும், அவ்வளவே.

தோட்டக்காரரின் வகையும் வியாபாரியின் தரமும்

சாஸ்திரிகளைப் போலவே தோட்டக்காரர்களும் தங்களுக்கென்று ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார்கள். பூச்சரம் தரையில் படர்ந்தால் மலபார் வகை. நிமிர்ந்து நின்றால் மைசூர் வகை. இரண்டுக்கும் நடுவாகச் சாய்ந்திருந்தால் வழுக்கை. மலபார் வகை குடகுப் பக்கத்துக்கு ஏற்றது. மற்ற இரண்டும் இடுக்கியின் உயரத்துக்கு ஏற்றவை. மூன்றும் ஒரே இனத்தின் பிரிவுகள்தாம்.

வியாபாரியின் பாகுபாடு வேறு. அவர் பார்ப்பது பச்சை நிறத்தையும் பருமனையும். சல்லடையின் கண்ணில் காய் நிற்கிறதா, விழுகிறதா என்பதே அவருடைய சாஸ்திரம்; ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று கண்ணின் அளவைச் சொல்லியே சரக்கின் தரத்தைக் குறிப்பார். உயர்ந்த தரத்துக்கு ‘ஆலப்புழைப் பச்சை’ என்று பெயர். ஆலப்புழையில் ஏலம் விளைவதில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம் ஏல வியாபாரத்தைச் சர்க்கார் ஏகபோகமாக வைத்திருந்த 19-ஆம் நூற்றாண்டில், சரக்கு அந்தத் துறைமுகத்தின் வழியாகச் சென்றது, பெயர் தங்கிவிட்டது. விளையும் இடம் ஒன்று, விற்கும் இடம் ஒன்று, பெயர் மூன்றாவது இடத்துக்கு!

1956-இல் மொழிவழி மாகாணங்கள் அமைந்தபோது ஏலமலை கேரளத்துக்குள் அமைந்தது. ஆயினும் மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள பந்தத்தை எல்லைக்கோடு அறுத்துவிடவில்லை. இருள் பிரியுமுன் போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன, மாலையில் திரும்புகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய் தரையை ஒட்டித் தொங்குவதால், நாள் முழுவதும் குனிந்தோ, மண்டியிட்டோ, ஈர மண்ணில் உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். பழுத்துவிடாமலும் பிஞ்சாக இல்லாமலும் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நம் வீட்டு டப்பியில் உள்ள ஒரு பிடி ஏலக்காய்க்குப் பின்னால் எத்தனை முறை குனிந்த முதுகு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே செடியை நம்பினால்

1980-ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியில் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. ஞள்ளானி என்ற பெயருள்ள, மிகுதியாகக் காய்க்கும் ஒரு வகையை விவசாயி ஒருவரே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு மலைவிவசாயியின் கூர்ந்த பார்வைக்கு அது பெரிய வெற்றி. சில ஆண்டுகளுக்குள் தோட்டங்களின் பெரும்பகுதி ஞள்ளானிமயம் ஆயிற்று. விளைச்சல் பெருகியது, கடன் தீர்ந்த குடும்பங்கள் பல.

இதற்கு மறுபுறமும் உண்டு. விதையிலிருந்து முளைக்கும் ஏலச் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. தட்டையைப் பிரித்து நட்டால் தாயும் சேயும் ஒரே அச்சு. மலை முழுவதும் ஒரே அச்சில் வார்த்த செடிகள் நிற்கும்போது, ஒன்றுக்கு ஆகாத நோய் எல்லாவற்றுக்கும் ஆகாது. ஒன்றைச் சுடும் வெயில் எல்லாவற்றையும் சுடும். ‘கட்டே’ என்ற நோய் ஒன்று உண்டு. அசுவினிப் பூச்சி பரப்பும் அந்த நோய் பிடித்தால் இலையில் வெளிறிய கோடுகள் விழுந்து, தூர் குன்றி, காய்ப்பு நின்றுவிடும். நோயுற்ற தட்டையைப் பிரித்து நட்டால் நோயையும் சேர்த்து நட்டதாகும்.

தேனீயின் விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். காட்டில் உள்ள ஏலச் செடிகளையும் தோட்டத்து ஏலச் செடிகளையும் ஒப்பிட்ட ஓர் ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. காட்டேலத்தின் பூவைத் தேடி வருபவை பெரும்பாலும் தனித்து வாழும் காட்டு வண்டினத் தேனீக்கள். தோட்டத்துப் பூக்களுக்கு வருபவையோ கூட்டமாக வாழும் தேனீக்கள். பயிராக்கியதனால் செடி மாறியது. செடியின் துணையும் மாறியது. இப்பொழுது தோட்டங்களில் அடிக்கடி தெளிக்கப்படும் பூச்சி மருந்து, செடிக்குப் பகையான பூச்சியையும் துணையான தேனீயையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஒரு நாள் ஆயுளுள்ள பூவுக்குத் தேனீ வராத நாள் நஷ்டமான நாள்.

இனி வானிலை. 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருமழை இடுக்கியின் சரிவுகளைக் குலைத்தது. மறு வருஷம் மழை பொய்த்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஒன்றுக்கு உச்ச விலையாக 7,000 ரூபாய் வரையில் போயிற்று. விலை உயர்ந்த நாளில் விற்பதற்குக் காய் இல்லாமல் தவித்த தோட்டக்காரருக்கு அந்த உயர்வினால் என்ன பயன்? 2024-ஆம் ஆண்டுக் கோடையின் வெப்பமோ நின்ற செடிகளையே கருக்கிவிட்டது. நிழல் மரங்களைக் கழித்து வெளிச்சத்தை மிகுதியாக விட்ட தோட்டங்கள் இத்தகைய கோடையைத் தாங்குவது அரிது.

மலைநிலத்தைப் பற்றியும் ஒரு வழக்கு இருக்கிறது. 1897-இல் திருவிதாங்கூர் வெளியிட்ட அறிவிப்பிலிருந்து தொடங்கிய அது, ஏலமலை காடா, தோட்டமா என்பது. நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு, அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பு என்ற இரட்டை ஏற்பாடு நெடுங்காலமாக நடந்து வருகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றுள்ளது. அதன் நியாயங்களை நீதிபதிகள் ஆராய்வார்கள். செடியின் சாட்சியம் ஒன்றே: மரம் இருக்கும் இடத்தில் தான் இருப்பேன் என்கிறது அது.

வீட்டைக் காத்தால் குலம் வாழும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் கடல் கடந்து மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குச் சென்றது. இன்று உலகச் சந்தையில் அந்தத் தேசத்துச் சரக்கே நம் சரக்குக்குப் பெரிய போட்டி. நம்முடைய மலையின் குழந்தை வேறு நாட்டில் போய்ச் செல்வம் சேர்க்கிறதே என்று சிலர் வருந்துவார்கள். ஆனால் குவாத்தமாலாவிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அங்கே இருப்பது கொண்டுபோன செடி. இங்கே இருப்பது அதன் குலம் முழுவதும். வறட்சியைப் பொறுக்கும் திறமோ, நோயை எதிர்க்கும் வலிமையோ, வேறு மணமோ வேண்டுமானால் அதைத் தேட வேண்டிய இடம் காட்டில் உள்ள ஏலமும் அதன் ஆறு உறவினரும் வாழும் ஈரச் சரிவுகளே.

மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் உள்ள ஏல ஆராய்ச்சி நிலையங்கள் நல்ல வகைகளைத் தேர்ந்து வைக்கும் பணியைச் செய்து வருகின்றன. அது போற்றத்தக்கது. ஆனால் பாத்தியில் வைத்துக் காப்பது ஒரு பாதிதான். காட்டில், ஓடையின் ஓரத்தில், தனித் தேனீ வந்து போகும் நிழலில் செடி தானாகவே பிறந்து வளர இடம் இருக்க வேண்டும். தோட்டக்காரர் நிழல் மரத்தை வெட்டாமல் விடுவதும், மருந்தை அளவோடு தெளிப்பதும், ஒரே வகையை நம்பாமல் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து நடுவதும் அவருடைய சுயநலத்துக்கே உகந்தவை. காய் எடுக்கும் தொழிலாளருக்கு இவை கூலியைக் காக்கும் ஏற்பாடு; போடி வியாபாரிக்கு அடுத்த ஆண்டின் சரக்கைக் காக்கும் ஏற்பாடு.

ஒரு செடிக்குச் சரியான பெயர் எது, அதற்கு உறவினர் யார், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று ஆராய்வதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. பெரியாற்றுக் காட்டிலும் அகஸ்தியமலையிலும் ஏலத்துக்கு இரண்டு சகோதரிகள் இருப்பது 2024 வரையில் ஏட்டில் ஏறவில்லை. பெயரில்லாத செடி அழிந்தால் அழிந்தது என்று சொல்லக்கூட ஆள் இராது. இப்பொழுது அவற்றுக்குப் பெயர் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. காப்பாற்றுவதற்கு இதற்கு மேல் சாக்குச் சொல்ல இடமில்லை.